யாழ்ப்பாண வீதிக்கு நிண்டு பிடிக்கிற ரியூப்லெஸ் ரயர் எது?

ஒழுங்கைக்காரன்

வணக்கம். றோட் சைக்கிள், டிஸ்க் பிறேக், 700சி. றிம் அலுமினியம், உள்ளகலம் 19 மிமீ, ஓரத்தில ரயரைப் பிடிக்கிற கொக்கி இருக்கு, ரியூப்லெஸ் ரெடி, அதாவது உள்ள ரியூப் இல்லாமல் ஓடலாம் எண்டு பொறிச்சும் இருக்கு. பிறேமுக்குள்ள 32 மிமீ ரயர் வரை போகும். ஆள் 74 கிலோ, சைக்கிளும் தண்ணிப் போத்தலும் சேர 10 கிலோ. கிழமைக்கு 150–200 கிலோமீற்றர் ஓட்டம். பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, சனி ஞாயிறில காரைநகர் அல்லது பூநகரிப் பக்கம்.

போட்டிக்கு இல்லை. பஞ்சர் குறையவேணும், ஒரு சோடி கனநாள் போகவேணும், அவ்வளவுதான். பார்த்து வைச்சிருக்கிறது கொன்டினென்ரல் ஜீபி 5000 எஸ் ரீஆர், அதின்ர ஓல் சீசன் ரீஆர், பிரெல்லி சின்ருறாற்றோ வெலோ, ஷ்வல்பே புறோ வன். 28 ஆ 32 ஆ எண்டதும் குழப்பமாக் கிடக்கு. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கருக்குமட்டை

ரயரின்ர பேரைப் பார்க்க முதல், இஞ்ச ரயரைக் கெடுக்கிறது என்னெண்டு பாருங்கோ தம்பி. அதுக்குப் பிறகு தெரிவு தன்னால வரும்.

ஒண்டு, நெருஞ்சி முள்ளு. ஓட்டை சின்னன், நேரா மேல் றப்பருக்குள்ளால இறங்கும். இதுக்கு ரியூப்லெஸ்ஸைப் போல மருந்து வேற இல்லை. உள்ள ஊத்துற சீலன்ட் (ஓட்டை அடைக்கிற திரவம்) ஈரமா இருந்தால் அரைச் சுற்றில அடைச்சிடும், ஏறி இருக்கிறவருக்குத் தெரியவும் வராது.

ரெண்டு, வெடிச்ச லொறி ரயர்களில இருந்து உதிருற மெல்லிய இரும்புக் கம்பி. தலைமயிரைப் போல இருக்கும். ஏ9 ஓரத்திலயும் காங்கேசன்துறை வீதியிலயும் கனக்க. கண்ணுக்குத் தெரியாது, பஞ்சால தடவினால் பஞ்சு கொழுவும். இதையும் சீலன்ட் அடைக்கும். ஆனால் கம்பி உள்ளயே நிண்டால் அடைச்ச இடத்தைத் திருப்பித் திருப்பிக் கிளறும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா காத்து இறங்கும். குறட்டால பிடிச்சு இழுத்து எடுக்கவேணும்.

மூண்டு, போத்தல் கண்ணாடியும் உடைச்ச சல்லிக்கல்லும். இது வெட்டு. 2–3 மிமீ வரை சீலன்ட் தனிய பார்த்துக்கொள்ளும், அதுக்கு மேல பிளக், அதாவது றப்பர்த் திரி, குத்தவேணும்.

நாலாவது பக்க வெட்டு. ஒழுங்கைகளில கிடக்கிற பனைமட்டைக் கருக்கு, வேலி முள்ளுக்கம்பித் துண்டு, காப்பெற் றோட்டு முடியிற இடத்தில கத்தி மாதிரி நிக்கிற தார் விளிம்பு. ரயரின்ர பக்கத்தில மேல் றப்பர் இல்லை, துணியும் மெல்லிய பூச்சும்தான். அங்க 5 மிமீ கிழிஞ்சால் சீலன்ட் சும்மா பீய்ச்சி அடிச்சுக்கொண்டு போகும். பிளக்கும் பக்கத்தில நிண்டு பிடிக்காது.

ஆகவே நிண்டு பிடிக்கிற ரயர் எண்டு இஞ்ச சொன்னால், மேல் றப்பர் தடிப்பும் பக்கத்தில காப்பும் உள்ளது. உங்கட பட்டியலில எஸ் ரீஆரும் புறோ வன்னும் ஓட்டத்துக்கு நல்ல சாமான், கதையே இல்லை. ஆனால் ரெண்டும் போட்டி ஓட்டத்துக்கு மெலிசாச் செய்தவை. எஸ் ரீஆர் 28 ஏறக்குறைய 280 கிராம்தான். அந்தப் பாரத்துக்குள்ள தடிப்பான பக்கத்தைக் கேக்க ஏலாது. ஓல் சீசன் ரீஆரும் சின்ருறாற்றோவும் பாரம் கூட, மேல் றப்பர் கூட. உங்கட ஓட்டத்துக்கு இந்த ரெண்டில ஒண்டு.

சில்லுக்கம்பி

மேல சொன்னது சரி. ஒண்டைச் சேர்க்கிறன். கேக்காவிட்டாலும் சொல்லவேண்டியது, பிழைச்சால் பல்லுப் போற விசயம்.

உங்கட றிம்மில கொக்கி இருக்கிறது நல்லது. கொக்கியில்லா றிம்முக்கு உச்ச அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. ரயரை ஓரத்தில ஏத்திச் சீற் பண்ணேக்கயும் அந்த அளவைத் தாண்டக்கூடாது. ரயரில 90 எண்டு அடிச்சிருந்தாலும் றிம்முக்கு 72.5 எண்டால் குறைஞ்ச எண்தான் கணக்கு. றிம் அகலத்துக்கு ஆகக் குறைஞ்ச ரயர் அகலம் எண்டும் ஒண்டு இருக்கு. உள்ளகலம் 25 மிமீ கொக்கியில்லா றிம்மில 28 ரயர் போடுறது விளிம்பில நிக்கிற வேலை. 2024 பெப்ரவரியில யூஏஈ சைக்கிளோட்டத்தில பெல்ஜிய ஓட்டக்காரர் தோமஸ் டி ஹென்ட் ஒரு கல்லில ஏற, ரயர் றிம்மை விட்டுக் கழண்டு விழுந்தார். உலகம் முழுக்கக் கொக்கிக் கதை சூடு பிடிச்சது அதோடதான்.

அடுத்தது, ரயரில ரியூப்லெஸ் ரெடி, ரீஎல்ஆர், ரீஎல்ஈ, ரீஆர் எண்டு ஏதாவது ஒண்டு பொறிச்சிருக்கவேணும். கொன்டினென்ரலின்ர கேற்றர்ஸ்கின் நல்ல தடிப்புத்தானே, அதைச் சீலன்ட்டோட போடலாமோ எண்டு கனபேர் கேக்கினம். போடக்கூடாது. அது ரியூப்புக்குச் செய்த ரயர். ரியூப் உள்ள இருந்து அமத்திப் பிடிக்கும் எண்ட கணக்கில ஓரம் செய்திருக்கு. ரியூப் இல்லாமல் அந்த ஓரம் இழுபட்டால் ஓடேக்க கழண்டு போகும்.

19 மிமீ றிம்முக்கு 28 பொருத்தம். 32 உம் இருக்கும், கொஞ்சம் பலூன் மாதிரித் தெரியும், பிழை இல்லை.

பண்ணைப்பாலம்

எல்லாரும் ஒரே பக்கம் நிண்டால் விவாதம் எப்பிடி? மறுபக்கத்தைச் சொல்லுறன்.

யாழ்ப்பாணத்தில மூலைக்கு மூலை சைக்கிள் கடை. ரியூப்புக்கு ஒட்டுப் போடப் பத்து நிமிசம். சீலன்ட் போத்தல், றிம்மின்ர கம்பித் துளைகளை மூடுற றிம் ரேப், ரியூப்லெஸ் வால்வு மூண்டும் கொழும்பில இருந்து எடுப்பிக்கவேணும், இல்லாட்டி லண்டன், கனடாவில இருந்து வாற ஆரேனும் கொண்டு வரவேணும். சீலன்ட் 100 மில்லிலீற்றருக்கு மேல எண்டால் கைப்பையில விடமாட்டினம், பெட்டிக்குள்ள போகவேணும். காத்தடிக்கிற சீஓ2 குப்பியைப் பல விமானங்களில ஏத்தவிடமாட்டினம்.

இதுக்கு மேல வெயில். சீலன்ட்டின்ர தண்ணி ரயர் துணிக்குள்ளால மெல்ல மெல்ல ஆவியாகிறது. குளிர் நாட்டுக்காரர் ஆறு மாதம் எண்டு எழுதுவினம். இஞ்ச தகரக் கொட்டிலுக்குள்ள நிக்கிற சைக்கிளில ரெண்டு, மூண்டு மாதத்தில காய்ஞ்சு றப்பர்த் தோலாய்ப் போகும். காய்ஞ்ச சீலன்ட்டோட ஓடுறவருக்கு ரியூப்லெஸ்ஸும் இல்லை, ரியூப்பும் இல்லை.

நல்ல தடிப்பு ரயருக்குள்ள ஒரு சாதா பியூட்டைல் ரியூப், பைக்குள்ள மடிச்ச மெல்லிய பிளாஸ்ரிக் (ரீபீயூ) ரியூப் ஒண்டு. இதுக்கு என்ன குறை?

சோளகக்காத்து

குறை ஒண்டும் இல்லை அண்ணை, ரவுணுக்குள்ள ஓடுறவருக்கு. கேட்டவர் பூநகரிப் பக்கம் போறன் எண்டு எழுதியிருக்கிறார். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் ஏ32 இல அடுத்த கடை எங்கயெண்டு தேடவேணும். சோளகம் முகத்தில அடிக்கிற மாதத்தில நிழலும் இல்லாமல் றோட்டோரத்தில குந்தி ரியூப் மாத்துறதுக்கும், ஓட்டை தானா அடைபடுறதுக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் தெரியும். நெருஞ்சிக் காட்டுக்குள்ள ஒரு முள்ளு ஏறாது, ஏழு ஏறும். ரியூப்பில ஏழு ஒட்டு, ரியூப்லெஸ்ஸில ஒண்டும் இல்லை.

வெயில் கதை முழுக்கச் சரி. அதைத்தான் ரியூப்லெஸ் போடுறவை விளங்காமல் போடினம். ரயருக்குக் காசு குடுத்திட்டு, சீலன்ட்டை மறந்துபோவினம்.

அளவு: 28 ரயருக்கு ஒரு சில்லுக்கு 40 மில்லிலீற்றர், 32 க்கு 50. முதல் முறை புது ரயர் கொஞ்சத்தைக் குடிக்கும், 10 கூட ஊத்துங்கோ. பிறகு ஆறு கிழமைக்கு ஒருக்கா அளந்து பாருங்கோ. வால்வைக் கீழ 6 மணி இடத்தில நிப்பாட்டி, காத்தை முழுக்க இறக்கி, உள்வால்வைக் கழட்டி, மெல்லிய பிளாஸ்ரிக் கட்டு வாரை உள்ள விட்டு இழுங்கோ. நுனி 4–5 மிமீ நனைஞ்சு வந்தால் இருக்கு. நனையாட்டி இல்லை. ஊசியால 20–30 மில்லிலீற்றர் ஏத்தினால் காணும். வருசத்துக்கு ஒருக்கா ரயரைக் கழட்டிக் காய்ஞ்ச தோலை உரிச்சு எறியவேணும், இல்லாட்டி பாரம் ஏறிக்கொண்டே போகும்.

ஒழுங்கைக்காரன்

நல்லாய் விளங்குது. அப்ப 28 ஆ 32 ஆ? காத்து எவ்வளவு?

சோளகக்காத்து

அவ்வளவும் காப்பெற் றோட்டு எண்டால் 28. ஒழுங்கையும் கடற்கரைத் தெருவும் கலந்தால் 32, யோசிக்கத் தேவையில்லை. உங்கட பேரே ஒழுங்கைக்காரன் எண்டபடியால் பதில் உங்களிட்டயே கிடக்கு. பிறேமுக்கும் ரயருக்கும் இடையில ரெண்டு பக்கமும் 4 மிமீ இடைவெளி நிக்கவேணும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. மாரியில செம்மண் ஒட்டினால் இடைவெளி இல்லாத பிறேம் அரைபடும்.

மொத்தம் 84 கிலோவுக்கு, 28 எண்டால் முன்னுக்கு 62, பின்னுக்கு 66 பிஎஸ்ஐயில தொடங்குங்கோ. 32 எண்டால் 48 உம் 52 உம். பாரம் 5 கிலோ கூடக் குறைய 3–4 பிஎஸ்ஐ மாத்தலாம். பழைய பழக்கத்தில 100 அடிக்கிற ஆக்கள் இருக்கினம். 100 இல சீலன்ட் ஓட்டைக்குள்ள நிக்க முதல் வெளிய பீய்ச்சிப் போடும். அழுத்தம் குறைய அடைப்பு சுகம். வெட்டும் குறையும், ஏனெண்டால் கல்லில ஏறேக்க ரயர் வளைஞ்சு குடுக்கும். அதுக்காக 40 க்கு இறக்கிக் கிடங்கில விழுத்தினால் றிம் நெளியும், ரயரின்ர பக்கம் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில நசிஞ்சு வெட்டும்.

இன்னொண்டு. விடிய 26 பாகையில 65 அடிச்ச ரயர், மத்தியான வெயிலில 46 பாகைக்குச் சூடானால் 70 இல நிக்கும். கொக்கியில்லா றிம் வைச்சிருக்கிறவை இதைக் கணக்கில எடுத்து 5 பிஎஸ்ஐ குறைய அடிக்கவேணும்.

கருக்குமட்டை

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ரயர் போடவேணும் எண்டு சட்டம் இல்லை. பின் ரயரில பாரம் கூட, தேய்வும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, பஞ்சரும் பின்னுக்குத்தான் கூட. முன் சில்லு தட்டி நிமித்தி விடுற கம்பி பின் சில்லில குத்துறது வழக்கம். பின்னுக்குச் சின்ருறாற்றோ அல்லது ஓல் சீசன் ரீஆர், முன்னுக்கு எஸ் ரீஆர் எண்டு போட்டால் ஓட்டமும் லேசு, உழைப்பும் கிடைக்கும். 32 க்குப் போறதெண்டால் ரெண்டுக்கும் சின்ருறாற்றோ.

தேய்வு பார்க்க, கொன்டினென்ரலில மேல் றப்பரில ரெண்டு சின்னக் குழி இருக்கும். அது மறைஞ்சால் மாத்தவேணும். பின் ரயர் முடிஞ்சால் முன்னால இருக்கிறதைப் பின்னுக்குப் போட்டு, புதுசை முன்னுக்குப் போடுங்கோ. தேய்ஞ்ச பின் ரயரைக் கொண்டுபோய் முன்னுக்குப் போடுறவையும் இருக்கினம், அது கெட்டித்தனம் இல்லை. முன் ரயர் வழுக்கினால் ஆள் விழும்.

விற்றோறியா ரயர்கள் பற்றி ஆரும் கேட்டால்: கோர்சா எண்ட பேரில வாறது பருத்தி உள்துணி, மெத்தென்று ஓடும், கண்ணாடிக்கும் உப்புக்கும் சரிவராது. கோர்சா நெக்ஸ்ட் நைலோன் துணி, அதை எடுக்கலாம்.

பண்ணைப்பாலம்

சரி, தோற்றன் எண்டு வையுங்கோ. ஆனால் ரயர் ஏத்துற கதையை ஒருவரும் எழுதேல்லை. ரியூப்லெஸ்ஸை வெறுக்கிறவை எல்லாம் அந்த இடத்திலதான் வெறுத்தவை.

சில்லுக்கம்பி

எழுதுவம். நூற்றுக்குத் தொண்ணூறு பிழை ரயரில இல்லை, ரேப்பில.

ரேப் அகலம் றிம் உள்ளகலத்தை விட 2–4 மிமீ கூட இருக்கவேணும். 19 க்கு 21 அல்லது 23. றிம்மை ஐசோபுறோப்பைல் மதுசாரத்தால துடையுங்கோ, கைப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. வால்வுத் துளைக்கு எதிர்ப்பக்கத்தில தொடங்கி, நல்லாய் இழுத்துப் பிடிச்சபடி சுத்தி, தொடங்கின இடத்தைத் தாண்டி 10–15 சென்ரிமீற்றர் மேல ஏத்தி வெட்டுங்கோ. 60 க்கு மேல காத்து அடிக்கிறதெண்டால் ரெண்டு சுற்று. கம்பித் துளைகள் மேல பெருவிரலால அமத்திக்கொண்டு போங்கோ. வால்வுத் துளையைக் கத்தியால கீறக்கூடாது, கீறல் ஓடும். சூடாக்கின ஆணி நுனியால குத்தினால் விளிம்பு உருகி இறுகும். வால்வு நட்டைக் கையால மட்டும் இறுக்குங்கோ. குறடு பிடிச்சால் அடி றப்பர் பிதுங்கி ஒழுகும், றோட்டில ரியூப் போடவேண்டி வந்தால் கழட்டவும் ஏலாது.

ரயர் ஏத்தேக்க வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில தொடங்கி வால்வில முடியுங்கோ. ஓரத்தை றிம்மின்ர நடுப்பள்ளத்துக்குள்ள தள்ளிக்கொண்டே வந்தால்தான் கடைசித் துண்டுக்குத் தளர்வு வரும். பிளாஸ்ரிக் லீவர் மட்டும். ஸ்குறூ றைவர் விட்டால் ரேப் கிழியும், பிறகு ராத்திரி முழுக்க ஒழுக்குத் தேடவேணும்.

சீற் பண்ண, ஓரம் முழுக்கச் சவர்க்காரத் தண்ணி பூசி, உள்வால்வைக் கழட்டிப்போட்டு அடியுங்கோ. கைப்பம் சில ரயருக்குக் காணும், சிலதுக்குக் காணாது. காணாட்டி ஓட்டோவுக்குக் காத்தடிக்கிற ரயர்க் கடைக்குப் போங்கோ. அங்க உள்ள தலை கார் வால்வுக்கு. மெல்லிய வால்வுக்குப் பித்தளை மாற்றி ஒண்டு பொக்கற்றில வைச்சிருங்கோ. மாற்றி பூட்ட உள்வால்வு உள்ள இருக்கவேணும், அதால சவர்க்காரத்தைத் தாராளமாப் பூசுங்கோ. கடைக்காரரிட்ட 60 க்கு மேல வேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ, கொம்பிறசர் ஒரு நொடியில 120 க்குக் கொண்டுபோகும். ரெண்டு தரம் டக், டக் எண்டு கேட்டால் ஓரம் ஏறியிட்டுது. ரயர் ஓரத்தில ஓடுற மெல்லிய கோடு சுற்றி வர றிம்மில இருந்து ஒரே தூரத்தில இருக்கோ எண்டு பாருங்கோ.

அதுக்குப் பிறகுதான் சீலன்ட். வால்வுக்குள்ளால ஊசியால ஏத்தி, உள்வால்வைப் பூட்டி, காத்தடிச்சு, சில்லைப் படுக்கப்போட்டு ஒரு பக்கம் பத்து நிமிசம், மறுபக்கம் பத்து நிமிசம். உடன ஒரு ஓட்டம் ஓடினால் இன்னும் திறம்.

முதல் ரெண்டு மூண்டு நாள் ராத்திரிக்கு 5–10 பிஎஸ்ஐ இறங்கும், பயப்பிடாதேங்கோ. அதுக்குப் பிறகும் இறங்கினால் தண்ணித் தொட்டிக்குள்ள விட்டுப் பாருங்கோ. கம்பித் துளையால குமிழி வந்தால் ரேப் பிழை. வால்வு நட்டடியில வந்தால் வால்வு றப்பர் றிம்முக்குப் பொருந்தேல்லை. பக்கத் துணியில ஊசி முனைக் குமிழி வந்தால் ஓட ஓட அடைபடும்.

ஒழுங்கைக்காரன்

பைக்குள்ள என்னென்ன கொண்டுபோறது?

சோளகக்காத்து

பிளக் கருவியும் அஞ்சாறு பிளக்கும், சின்னக் கைப்பம், உள்வால்வு கழட்டுற சாவி, ஒரு ரியூப், ரெண்டு லீவர், 5 சென்ரிமீற்றர் பழைய ரயர்த் துண்டு. பக்கம் கிழிஞ்சால் அந்தத் துண்டை உள்ள வைச்சு ரியூப்பைப் போட்டு வீடு வரலாம்.

பிளக் குத்தேக்க, காத்து முழுக்கப் போக முதல் குத்துங்கோ. உள்ள அழுத்தம் இருந்தால்தான் கருவி சுகமா இறங்கும். குத்தினதும் வெட்டுப்பட்ட இடத்தைக் கீழ் நோக்கி வைச்சு அரை நிமிசம் நில்லுங்கோ, சீலன்ட் வந்து சேரும். 5 மிமீக்கு மேலான வெட்டுக்கு, வீட்டில ரயரைக் கழட்டி உள்பக்கம் துடைச்சு உரஞ்சி ஒட்டுப் போடவேணும். பிளக் தற்காலிகம்.

றோட்டில ரியூப் போடவேண்டி வந்தால், முதல் ரயருக்குள்ள முழுக்கத் தடவுங்கோ. ரியூப்லெஸ்ஸா ஓடின ரயருக்குள்ள பழைய முள்ளுகள் பத்துப் பதினைஞ்சு அடைபட்டபடி கிடக்கும். தடவாமல் போட்ட ரியூப் ஒரு கட்டை போகாது. துணியால தடவுங்கோ, விரலை வெட்டும்.

சீஓ2 குப்பி பாவிக்கிறவை கவனம். பல லாட்டெக்ஸ் சீலன்ட்டுகள் அந்தக் குளிரிலயும் வாயுவிலயும் திரைஞ்சு கட்டியாப் போகும். வீட்ட வந்ததும் சாதாக் காத்து மாத்தி, சீலன்ட்டை அளந்து பாருங்கோ.

கருக்குமட்டை

மழைக்காலத்துக்கு ஒரு சொல். கண்ணாடித் துண்டு ஈர ரயரில ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலயும் உள்ள இறங்கும். தண்ணி பட்ட றப்பர் சுகமா வெட்டுப்படும். அதாலதான் ஐப்பசி, கார்த்திகையில பஞ்சர் கூட. ஓட்டம் முடிய ஈரத் துணியால ரயரைத் துடைச்சு, குத்தி நிக்கிறதை ஊசியால கிளறி எடுங்கோ. ரெண்டு நிமிச வேலை, ஒரு ரயரின்ர ஆயுள்.

பண்ணை, பொன்னாலைப் பாலங்களால போய் வாறவை நல்ல தண்ணியால சில்லைக் கழுவவேணும். ரயருக்கு உப்பு பெரிய கேடு செய்யாது. கம்பியை றிம்மில பூட்டுற அலுமினிய நிப்பிளும் வால்வு நட்டும் அரிச்சுப் பிடிச்சால் பிறகு ஒண்டும் கழராது.

ஒழுங்கைக்காரன்

32 சின்ருறாற்றோ சோடிக்குச் சொல்லியிட்டன். கடைசிக் கேள்வி, ரேப், சீலன்ட் வாற வரைக்கும் ஒரு மாதம் எண்டு சொல்லினம். அதுவரை இந்த ரயருக்குள்ள ரியூப் போட்டு ஓடலாமோ? ஓடினால் பிறகு ரியூப்லெஸ் ஆக்கேக்க பிரச்சினை வருமோ?

சில்லுக்கம்பி

தாராளமா ஓடலாம். 28–32 எண்டு அடிச்ச ரியூப் எடுங்கோ. ரெண்டு விசயம். ரியூப்பில பவுடர் போட்டிருந்தால், மாத்தேக்க ரயர் உள்பக்கத்தை ஈரத் துணியால துடைக்கவேணும், பவுடர் இருந்தால் சீலன்ட் துணியில பிடிக்காது. மற்றது, ஒரு மாத ஓட்டத்தில மேல் றப்பர் வெட்டுப்பட்டு இருந்தால் உள்பக்கம் வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. துணி அறுந்த இடம் இருந்தால் சீலன்ட் ஊத்த முதல் ஒட்டுப் போடுங்கோ. ஊத்தின பிறகு அந்த இடத்தில ஒட்டு ஒட்டாது.